தீபப் படத்தில் முனிரத்தினம் அண்ணனின் கை

1. திரும்பி வந்த பிரிண்ட்

முனிரத்தினம் அண்ணன் பிரிண்ட்டைக் கவுண்டரில் வைத்து என் பக்கம் திருப்பினார். இடது கையால்தான். வலது கை அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தீபம் எரியுது. ஒருத்தர் கையும் மேல இல்ல. இது எந்த ஊரும்மா?"

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் கோபம் வந்தது. நாலு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்த படம் அது. எங்கள் ஸ்டுடியோ டிஜிட்டலுக்கு மாறிய பிறகு வந்த முதல் கார்த்திகை தீபம். ஓனர் ஏகாம்பரம் அண்ணன் எடுத்தார், நான் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். இவர் ஒருத்தர்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணியிருக்கிறார். மொட்டை மாடியில் பதினோரு பேர். ஒருவர்கூடக் கும்பிடவில்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் போன் தானே நாலு படம் எடுத்துத் தானே சேர்த்துக்கொள்கிறது. அன்று நாங்கள்தான் சேர்க்க வேண்டும். மலை உச்சியில் எரியும் தீபத்துக்கு ஏற்ற எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, வைத்தால் ஊர் கருப்பாகிவிடும். ஊருக்கு வைத்தால் தீபம் வெள்ளைத் திட்டாகிவிடும். அதனால் ஸ்டாண்டை அசைக்காமல் மூன்று படம் எடுப்போம். முதல் படம் ஆறு மணிக்குச் சற்று முன்னால், சனம் மலையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் காத்திருக்கும்போது. இரண்டாவது தீபம் ஏறிய உடனே, ஷட்டரைச் சட்டென்று மூடி, தீபத்துக்காக மட்டும். மூன்றாவது கோபுர விளக்குகளுக்காக, நிறைய நேரம் திறந்து வைத்து. மூன்றையும் சாப்ட்வேரில் லேயராக அடுக்கி, ஒவ்வொன்றிலும் வேண்டாத இடத்தை மாஸ்க் போட்டு மறைக்க வேண்டும்.

தீபம் தெரிந்த நொடியில் ஊரே அரோகரா என்று கையைத் தலைக்கு மேல் தூக்கும். அந்தக் கைகள் மூன்றாவது படத்தில் புகை மாதிரி விழுந்திருந்தன. நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா, சனத்தை மட்டும் முதல் படத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஜடையும் கூர்மையாக வந்தது. ஆனால் உச்சியில் தீபம் எரிய, கீழே பதினோரு பேர் செங்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நிற்கிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. ஷார்ப்பாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

2. அவர் கேட்ட கை

முனிரத்தினம் அண்ணன் வேலூர் ரூட்டில் பஸ் ஓட்டியவர். அவர் வீட்டு மாடியில் இருந்து கோபுரமும் மலையும் ஒரே சட்டத்தில் விழும். வருஷா வருஷம் மாடியை எங்களுக்கு விடுவார். நாங்கள் படத்தைப் பெரிதாகப் போட்டுப் பிரேம் செய்து கொடுப்போம். அந்த ஆவணியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினம் பிடிக்க வேண்டும், கையைத் தூக்கிப் பழக வேண்டும் என்றாராம். அவர் மனைவி கஸ்தூரி அக்கா சாயந்திரமானால் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். இவர் இருபது பிடித்துவிட்டு ஐம்பது என்பார். அதற்கு ஒரு சண்டை நடக்கும்.

அவருக்கு வேண்டியது மற்றவர்கள் கை இல்லை என்பது பேசப் பேசத்தான் எனக்குப் புரிந்தது. தீபம் தெரிந்தபோது தன் இரண்டு கையும் தலைக்கு மேல் போனதாக அவர் சொல்கிறார். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. எல்லாரும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி அக்காவைக் கேட்டால், நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அந்தக் கை ஒருநாளும் நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. மகன் சிரிக்கிறான். போட்டோ வரட்டும், காட்டுகிறேன் என்று பத்து நாளாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். வந்த போட்டோ இது.

"நான் தூக்கனேம்மா. எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது. பாத்து சொல்லு" என்றார். பெரிய வண்டியை நெரிசலில் திருப்பிய மனுஷன் அப்படிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

3. மாஸ்க்குக்கு அடியில்

தேடுவதற்கு என்ன இருக்கிறது? கேமரா கார்டில் இருந்த படங்களை ஏகாம்பரம் அண்ணன் அழித்துவிட்டு அதைக் கல்யாண ஆர்டருக்குக் கொண்டுபோய்விட்டார். இருந்தது நான் சேர்த்த ஒரே கோப்பு. பிரிண்ட்டை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பிறகுதான் லேயர்களை ஒன்றாக்கி இடத்தை மிச்சம் பிடிப்போம். இவர் ஒப்புக்கொள்ளாததால் அது இன்னும் லேயரோடு இருந்தது.

மூன்றாவது படத்தைத் திறந்தேன். அதில் கைகள் வெறும் புகை. அப்போதுதான் இரண்டாவது லேயர் நினைவுக்கு வந்தது. அதில் நான் எடுத்துக்கொண்டது பொட்டு அளவு தீபம் மட்டும். மீதி எல்லாம் மாஸ்க்குக்கு அடியில் இருக்கிறது. மாஸ்க்கை நீக்கினேன். திரை முழுக்க இருட்டு. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஷட்டர் சட்டென்று மூடியதால் கைகள் அசையாமல் நின்றிருந்தன. படம் முழுக்க ரவை கொட்டினது போலப் புள்ளி. அந்தப் புள்ளிகளுக்குள் முனிரத்தினம் அண்ணனின் முதுகு. தலைக்கு மேல் இரண்டு கை. வலது கை கொஞ்சம் கோணல், ஆனாலும் மேலே.

நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம்தான் அவருக்குப் பக்கத்தில் பார்த்தேன். படத்தில் எல்லாரும் முதுகுதான். கஸ்தூரி அக்காவுக்கு மட்டும் கன்னமும் மூக்குத்தியும் தெரிந்தன. கும்பிட்ட கை மலைப் பக்கம் இருக்க, முகம் புருஷனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா கடை வழியாகப் போனபோது கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தேன்னு சொன்னா அதோட பந்த தூக்கி பரண்ல போட்டுடுவாரு. பாக்கலன்னதாலதான் தினம் எனக்கு காட்டணும்னு தூக்கி தூக்கி பாக்கறாரு. அவரே தூக்கட்டும், அப்புறம் குடு" என்றார்.

படத்தைச் சரிசெய்து பிரிண்ட் போட்டு டிராயரில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் சொன்ன பொய்களுக்கு அளவே இல்லை. இங்க் வரவில்லை, பேப்பர் வரவில்லை, கரண்ட் இல்லை, கம்ப்யூட்டரில் வைரஸ். அண்ணன் வாரா வாரம் வந்து கத்திவிட்டுப் போவார். ஏகாம்பரம் அண்ணனுக்கு விஷயம் தெரியாது. "வேல ஜாஸ்தியாயிடுச்சா, புத்தி கம்மியாயிடுச்சா?" என்று என்னைக் கேட்டார்.

4. கும்பிடு

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணன் வந்து நின்றார். பேப்பர் இன்றைக்கும் வரவில்லை என்று ஆரம்பித்தேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"போதும்மா. உனக்கும் ஒரு கும்பிடு, உன் கடைக்கும் ஒரு கும்பிடு" என்று சொல்லி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி என்னைக் கும்பிட்டார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். நான் எங்கே பார்க்கிறேன் என்று அவரும் நிமிர்ந்து பார்த்தார். அப்படியே நின்றார். இறக்கினால் திரும்ப ஏறாதோ என்ற பயம் அவருக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிராயரைத் திறந்து படத்தை எடுத்து வைத்தேன், நடந்ததையும் சொன்னேன்.

அவர் படத்தில் முதலில் தன் கையைப் பார்த்தார். விரல் மெதுவாகப் பக்கத்துக்கு நகர்ந்து அந்த மூக்குத்தியில் நின்றது. வலது கை விரல்தான். பிறகு படத்தை என் பக்கமே தள்ளினார்.

"இன்னும் கொஞ்ச நாள் இங்கியே இருக்கட்டும். கை ஏறிடுச்சுன்னு தெரிஞ்சா, சாயந்திரம் வந்து பக்கத்துல ஒக்கார மாட்டா."

இந்தத் தொழிலில் மறைப்பது வேறு, அழிப்பது வேறு. லேயரை ஒன்றாக்கும் முன்னால் மாஸ்க்கைத் தூக்கி அடியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அன்று சாயந்திரமே கஸ்தூரி அக்கா காய் வாங்கிக்கொண்டு கடைப் பக்கம் வந்தார். வாசலில் நின்றபடி, கை ஏதாவது ஏறியதா, உன்னிடமாவது காட்டினாரா என்று கேட்டார்.

"இல்லக்கா, இன்னும் இல்ல" என்றேன்.