மெஷினில் காது வைப்பவர்

வேங்கிக்கால் ஊரில் அந்த மெக்கானிக்கின் தகர ஷெட்டுக்குள் முப்பது வாஷிங் மெஷின்களாவது இருக்கும். எல்லாம் பழைய இரும்புக் கடைகளில் வாங்கி வந்து அவரே ஓட வைத்தவை. மெஷினில் காது வைத்துக் கேட்டுத்தான் கோளாறு சொல்வார். அதனால் இடது கன்னத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும். டிரம்முக்கு அடியில் கிடைப்பது எதையும் தூக்கிப் போடமாட்டார். ஒரு பாட்டிலில் போட்டு அந்த மெஷினிலேயே கட்டிவிடுவார்.

வேடிக்கை பார்க்கப் போன நான் ஒரு மெஷின் முன்னால் நின்றுவிட்டேன். மூடியில் என் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பழைய இரும்புக்குப் போட்ட மெஷின்.

அவர் பாட்டிலை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினார். நாலு பட்டன், ஒரு ஹேர்பின், என்னுடைய சிவப்புக்கல் கம்மலில் ஒன்று.

இந்தக் கம்மலுக்காகத்தான் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் பையைத் தெருவில் வைத்துக் கொட்டிப் பார்த்தேன். அதில் இல்லை. ஆனாலும் அவளை நிறுத்திவிட்டேன்.

"தங்கம்ங்க. யாராவது தேடிக்கினு வருவாங்கன்னு வச்சிருக்கேன். உங்களுதுங்களா?" என்றார்.

"இல்லைங்க."

மெஷினுக்குச் சாய்ப்பதுபோல என் பக்கம் தலையைச் சாய்த்தார். எல்லாவற்றையும் பாட்டிலில் போட்டு மறுபடி கட்டினார்.

அவர் காதுக்கு என்ன கேட்டதோ.