கீழேயிருந்து பார்த்தவள்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்குப் புவியியல் டீச்சர் வேலை. பாளையங்கோட்டையில் படித்துப் பட்டம் வாங்கியவள் என்ற தலைக்கனம் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்பது என் கணக்கு. என்னோடு ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

பள்ளியில் இருந்தது ஒரே ஒரு பூமி உருண்டை. அதன் தாங்கி உடைந்துபோனதால், வடதுருவத்துத் திருகாணியில் கயிற்றைக் கட்டி, எட்டாம் வகுப்பு உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தோம். அந்த வகுப்புக்குப் பெஞ்சும் வந்து சேரவில்லை. பிள்ளைகள் தரையில்தான் உட்காருவார்கள். முன்வரிசைக்காரிகளுக்கு நேர் மேலே உலகம் தொங்கும். நான் நாற்காலியில் ஏறி நின்று, உருண்டையைக் குனிந்து பார்த்து, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பாருங்க, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்துது" என்பேன். மொத்த வகுப்பும் "ஆமா டீச்சர்" என்று இழுக்கும். தலைக்கு மேலே என்ன தெரிகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. டீச்சர் சொன்னால் சரிதான்.

ஒருத்தி மட்டும் இழுக்கவில்லை. முன்வரிசையில் நடுவில் உட்காருகிறவள். அவள் வீட்டில் தறி ஓடியது. காலையில் ராட்டை சுற்றி, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்களில் நூல் ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். தலைமுடியில் எப்போதும் நாலு நூல் துணுக்கு ஒட்டியிருக்கும்.

"டீச்சர், இங்கன இருந்து பாத்தா கடிகார முள்ளு மாதிரியேதான் சுத்துது" என்றாள்.

"கண்ணை நல்லாக் கசக்கிட்டுப் பாரு."

"ராட்டையும் அப்படித்தான் டீச்சர். இந்தப் பக்கம் இருந்தா ஒரு மாதிரி சுத்தும், அந்தப் பக்கம் போனா மாறிச் சுத்தும்."

"பூமி என்ன ஒங்க வீட்டு ராட்டையா? உக்காருட்டி."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் பேசி பிள்ளைகள் சிரித்தால் எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும். அவள் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முழு ஆண்டுப் பரீட்சையில் பூமியின் சுழற்சியைப் படம் வரைந்து விளக்கச் சொல்லி ஐந்து மார்க் கேள்வி. அவள் ஒரு வட்டம் போட்டு, கடிகார முள் போகிற திசையில் அம்புக்குறி போட்டிருந்தாள். அத்தனை தரம் சொல்லியும் பிடிவாதமா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கீழே எழுதியிருந்ததைப் படிக்காமலே, பக்கத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை சிவப்பு மையால் ஒரே கோடு. மொத்தம் முப்பத்திரண்டு மார்க். முப்பத்தைந்து இருந்தால் பாஸ்.

ரிசல்ட் அன்று அவளுடைய அப்பா வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"இவள பத்து வரைக்கும் படிக்க வச்சிரணும்னு இருந்தேன் டீச்சர். இன்னொரு வருசம் இதே வகுப்புல போட்டா ஏறிருமா? உள்ளதச் சொல்லுங்க."

"ஏறாது அண்ணாச்சி. சொன்னாக் கேக்க மாட்டேங்கா. தறியில விட்டீங்கன்னா பொழச்சுக்கிடுவா" என்றேன். பக்கத்தில் இருந்த நோட்டுக் கட்டை எண்ணிக்கொண்டே சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. அவர், "நீங்க சொன்னாச் சரிதான்" என்று கும்பிட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜூனில் பள்ளி திறந்தது. புது வகுப்புக்கு அதே பாடம், அதே உருண்டை. சுற்றிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கும்போது சாக்பீஸ் டப்பா தட்டிக் கொட்டிவிட்டது. பொறுக்குவதற்காகத் தரையில் மண்டியிட்டவள், தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். தென்துருவத்தின் வெள்ளை என் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடிகார முள் எப்படிப் போகுமோ அப்படி. நான் சுற்றிவிட்டதுதான், அதே சுற்றுதான். பாதி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அது நிற்கும்வரை அங்கேயே இருந்தேன்.

சாயங்காலம் அலமாரியைத் திறந்து பழைய விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். அவள் வரைந்த வட்டத்துக்கு நடுவில் பொடி எழுத்தில் 'தென்துருவம்' என்று எழுதியிருந்தது. கீழே, 'வடதுருவத்துக்கு மேலே இருந்து பார்த்தால் மாறித் தெரியும்' என்று ஒரு வரி. என் சிவப்புக் கோடு அந்த வரியின் மேல்தான் போயிருந்தது.

தலைமையாசிரியையிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தம்மா கோபிக்கவில்லை. "திருத்தினதில் தப்புன்னு நீங்க எழுதிக் குடுங்க. இந்த மாசம் முடியறதுக்குள்ள அப்பாவ வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. ஒன்பதாம் வகுப்புல உக்கார வச்சிருவோம்" என்றார்கள். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். காகிதத்தில் ஒத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மறுநாள், நான் பள்ளிக்குப் போய்வரும் தெருவிலேயே இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மட்டும்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் எழுதுனது சரியா டீச்சர்?"

"சரிதான். நான்தான் ஒழுங்காப் பாக்கல."

அவள் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. "அப்பா இப்ப வந்துருவாக. நீங்களே சொல்லிருங்க டீச்சர். நான் சொன்னா, மறுபடி பள்ளிக்கூடம் போறதுக்குக் கதை கட்டுதேன்னு நெனப்பாக" என்றாள்.

அவர் வந்தார். டீச்சர் வீடு தேடி வந்திருப்பதைப் பார்த்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். பக்கத்துத் தறிக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இந்த டீச்சர்தான்வே அன்னைக்கு உள்ளத உள்ளபடி சொன்னாக. வேற ஆளா இருந்தா ஏறும் ஏறும்னு சொல்லி இன்னும் ரெண்டு வருசத்த வீணாக்கியிருப்பாக. படிச்சவுகன்னா இப்படி இருக்கணும்."

அவர்கள் இருவரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். சொல்ல வந்தது என் தொண்டைவரை வந்தது உண்மை. அந்த மரியாதையை அவர் கையாலேயே திரும்ப எடுக்கவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. "வேலையெல்லாம் எப்படிப் போவுது அண்ணாச்சி?" என்று கேட்டேன். கலரைக் குடித்தேன். அவள் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனைவரை வழியனுப்ப வந்தாள்.

"இன்னைக்கு ஆளுக இருந்தாக. அதான் சொல்லல, என்ன டீச்சர்? நாளைக்கு வந்து சொல்லுவீங்களா?"

"சொல்லுதேன்" என்றேன்.

மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் பள்ளிக்கு வேறு தெரு வழியாகப் போய் வந்தேன்.