காரையாற்றில் ஓடும் ஜெனரேட்டர்

ஆடி அமாவாசைக் கோயில் திருவிழாவுக்குக் காரையாற்றங்கரையில் கூடாரம் போட்டிருக்கிறோம். எட்டாம் வகுப்போடு நின்று மூன்று கடைக்கு முதலாளியானவன் நான். கையில் தூக்கும் ஜெனரேட்டரோடு வந்தவனும் நான் ஒருவன்தான். பக்கத்துக் கூடாரத்து நடக்க முடியாத முருகையாவின் பேட்டரி சக்கர நாற்காலிக்கு அதில் சார்ஜ் ஏறுகிறது. வருஷாவருஷம் மைத்துனர்கள் அவரைக் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். இந்த முறை தானே போக வேண்டுமாம்.

“ஊரையே இழுக்கும்” என்கிறேன், ஜெனரேட்டரைத் தட்டி. உடனே அவர் கொழுந்தியாள் கறி மசாலாவுக்கு மிக்சியைச் செருக, ஜெனரேட்டர் அணைகிறது.

“ஊரையே இழுக்கும்னியளே அண்ணாச்சி?”

“ஏதாவது ஒண்ணுதாம்மா. எதுன்னு நீயே சொல்லு.”

அவள் முருகையாவைப் பார்க்கிறாள். மிக்சியின் பிளக்கைப் பிடுங்குகிறாள். “நாங்க உரல்ல இடிச்சுக்கிடுதோம். அத்தான் போவட்டும்.”

கயிற்றை இழுத்து மறுபடி ஓட்டுகிறேன்.

மதியப் பூசைக்கு மணி அடிக்கிறது. நாற்காலி என் கரண்டில் சிமெண்டுப் பாதை ஏறுகிறது. தூக்க வந்த மைத்துனர்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் நடக்கிறார்கள்.