பதினாலாம் கூண்டுக்கு வந்த மாப்பிள்ளை

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி அறையைப் பார்த்துக்கொண்டவரைத் தரகர் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருஷமாக எலிகளுக்கு ஜோடி சேர்த்தவர். அதிலும் கூடப்பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும்! தலைமுறை தலைமுறையாக அப்படிச் சேர்த்தால்தான் ஒரு வம்சத்து எலிகள் எல்லாம் உள்ளுக்குள் ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் தோலை இன்னொன்றுக்கு ஒட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். "உலகத்துலயே கேடுகெட்ட தரகு நம்மளோடதுதான்" என்பார். நான் அங்கே கூண்டு கழுவுகிறவள். மனுஷர் ஒரு கூண்டையாவது ஒழுங்காகச் சுரண்டிக் கொடுத்ததில்லை. திட்டித் திட்டி என் வாய்தான் வலித்தது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தன்னை வளர்த்த அக்காவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார். அந்த அக்காவுக்கு மார்பில் புற்றுக்கட்டி. வெட்டி எடுத்தும் திரும்ப வந்துவிட்டது.

அந்த வருஷம்தான் எங்கள் டாக்டரம்மா ஒரு அதிசயத்தைக் கண்டார். பதினாலாம் கூண்டு எலி ஒன்றுக்குப் புற்றுக்கட்டி வந்தது. அந்தக் கட்டியின் செல்களில் வேறொரு வம்சத்தின் அடையாளம் இருந்தது. அதை அதே வம்சத்துப் பக்கத்துக் கூண்டு எலிகளுக்கு ஊசியில் ஏற்றினால், பட்டாணி அளவுக்கு வளர்ந்து, தானாகக் கரைந்துபோனது. புற்று வரும்போது செல் தன் அடையாளத்தை மாற்றிக்கொள்கிறது, உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடித்து அடிக்கிறது என்றார் அவர். தரகருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கே அக்காவிடம் ஓடினார்.

"கட்டி தானா கரையுதுக்கா! என் கண்ணால பாத்தேன். கொஞ்ச நாள் தாக்குப்பிடி, போதும்."

தட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள், அதற்காகவே மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார்.

எதற்கும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று, பதினாலாம் கூண்டு வழியில் வந்த நோயில்லாத ஒரு எலியின் தோலைப் பக்கத்துக் கூண்டு எலிக்கு ஒட்டச் சொன்னார் டாக்டரம்மா. பத்தாம் நாள் கட்டுப் பிரித்தவர் தரகர். ஒரே வம்சமென்றால் ஒட்டியிருக்க வேண்டிய தோல், கறுத்துச் சுருண்டு கையோடு வந்துவிட்டது. அவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்ன ஆச்சுங்க?" என்றேன்.

"எல்லாம் நான் பண்ண வேலை."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குட்டி தரையில் ஓடியிருக்கிறது. காதில் இன்னும் அடையாளத் துளை போடாத குட்டி. அறையில் இருந்த இரண்டு வம்சமும் வெள்ளைதான். தப்பி ஓடியதைக் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. இந்த மனுஷருக்கு மனசு வரவில்லை. பதினாலாம் கூண்டு மூடி சரிந்து கிடந்ததால், அதிலிருந்துதான் விழுந்திருக்கும் என்று உள்ளே விட்டுவிட்டார். அது வேறு வம்சத்து ஆண் குட்டி. மூன்று வருஷம் அந்தக் கூண்டில் பிறந்ததெல்லாம் கலப்பு. கட்டி எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பிறவியிலேயே இருந்த அடையாளம் அது.

"பேசாம இருந்திடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்று சொன்னவள் நான்தான். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் காதில் வாங்கவில்லை. அந்தத் தோலை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து டாக்டரம்மாவிடம் எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா ஒரு வார்த்தை கத்தவில்லை. அந்தக் கூண்டு வழியில் வந்த எலிகள் அத்தனையையும் அழிக்கச் சொன்னார். இருநூற்றுச் சொச்சம். தரகர் யாரையும் தொடவிடாமல் தானே செய்தார்.

சாயங்காலம் "துணைக்கு வாம்மா" என்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எலிங்க எப்படிடா இருக்கு?"

தரகர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அந்தக் கட்டி வேத்தாளு. அதான் அடிச்சு விரட்டிடுச்சு."

"ஆமாக்கா."

"எனக்கு வந்திருக்கிறது?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுடா."

"உன்னோடதுதான்க்கா. உடம்பு அதைச் சொந்தம்னு விட்டுடுது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொந்தத்தை நான் என்னைக்குடா வெளிய போன்னு சொல்லியிருக்கேன்?" என்றார். பாதி சாப்பிட்ட தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"இந்தா, நீ சாப்பிடு. எனக்கு இனிமே எதுக்கு?"