இல்லாத அக்கா மகனோடு அவலூர்பேட்டைக்கு

செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் நானும் என் தோழியும் ஒரே வாரத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தோம். அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அவள் தொண்டூர் ஜைன வீட்டுப் பெண். அறுவடை முடிந்ததும் அவளுடைய அப்பா இரண்டு மூட்டை அரிசி தானம் கொடுப்பது வழக்கம். அந்த வருஷம், "நீதான் வேலைக்குப் போறியே, நல்ல எடமா நீயே பாத்துச் சொல்லும்மா" என்று பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, அவலூர்பேட்டையில் அநாதைப் பிள்ளைகள் விடுதி நடத்துவதாகச் சொல்லி, உதவி கேட்டு ஒருவர் பள்ளிக்கு வந்தார். கஞ்சி போட்ட சட்டை, கையில் ஒரு போட்டோ. அதில் பிள்ளைகள் எல்லாரும் புதுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள்.

அவர் போனதும், "சோத்துக்கே கஷ்டம்ன்றாரு, சட்டை மட்டும் புதுசா இருக்குது?" என்றாள் அவள். "சொல்லாம கொள்ளாம போய்ப் பாத்துடலாம் வா."

சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினோம். டீச்சர் என்று தெரிந்தால் ஒழுங்குபடுத்திக் காட்டுவார்களாம். அதனால் நாங்கள் அக்கா தங்கச்சி. எங்கள் பெரியக்காவின் மகனை விடுதியில் சேர்க்கப் போகிறோம். பாதி வழிக்குள் அந்தப் பெரியக்காவைச் சாகடித்தும்விட்டோம். சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கல்யாணத்துக்கா போறீங்க?"

விடுதி ஒரு ஓட்டு வீடு. கதவைப் பாதி திறந்து நின்ற வார்டன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"பையனுக்கு வயசு இன்னா?"

"ஆறு" என்றேன் நான். "எட்டு" என்றாள் அவள்.

"பேரு?"

இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பேர் சொன்னோம். அவ்வளவுதான், அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

வார்டன் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "புள்ள புடிக்கிறவளுங்களா நீங்க? யாரு என்னன்னு தெரியாம ஒரு புள்ள மூஞ்சியக்கூட பாக்க உடமாட்டேன்!" என்று கதவைச் சாத்தித் தாழ்போட்டார். ஜன்னல் வழியாக எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு எங்களுக்குக் காவல் வைத்தார். படியில் உட்கார்ந்தோம். பயமாகவும் இருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

போட்டோ கொண்டுவந்தவர் தலையில் விறகுக்கட்டோடு, பனியன் நனைய வந்து சேர்ந்தார். "அய்யய்யோ, செஞ்சி டீச்சருங்கம்மா இவங்க!" என்று கத்தினார்.

உண்மையை ஒப்புக்கொண்டோம். கேட்டுவிட்டு வார்டன் அம்மா சிரித்த சிரிப்பு எங்களுடையதைவிடப் பெரிது. "இன்னா பாக்கணுமோ தெறந்து பாருங்க" என்று உள்ளே அழைத்துப் போனார். அரிசிப் பானைக்குள் கைவிட்ட என் தோழிக்குப் பானையின் அடிதான் தட்டுப்பட்டது. பிள்ளைகளின் சட்டையில் ஒட்டுமேல் ஒட்டு.

"அப்போ போட்டோவுல இருக்கற புதுச் சட்டை?"

"ஜவுளிக்கடையில இரவல் வாங்கனது. அன்னிக்கு சாயங்காலமே திருப்பிக் குடுத்துட்டோம். கிழிசலோட எம்புள்ளைங்கள ஊருக்கெல்லாம் காட்ட மனசு வரலம்மா."

வார்டன் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே இதைச் சொன்னார். ஜைன வழக்கப்படி சூரியன் சாய்வதற்குள் என் தோழி சாப்பிட்டாக வேண்டும் என்றதும், பிள்ளைகளோடு எங்களையும் பந்தியில் உட்காரவைத்து, கூழும் துவையலும் போட்டார்.

மறுநாள் அவளோடு தொண்டூருக்குப் போனேன். "நம்பலாமாம்மா?" என்று கேட்டார் அவளுடைய அப்பா.

"எங்களையே நம்பி உள்ள உடல நைனா, அந்தம்மா."

நடந்ததையெல்லாம் கேட்டு அவருக்குப் புரையேறிவிட்டது. அடுத்த சனிக்கிழமை மாட்டுவண்டியில் மூட்டைகள் ஏறின. அவற்றின்மேல் நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டோம்.