வெந்நீர்த் தொட்டி வாசலில் நிற்பவள்

வந்தவர்களை உடுப்பைக் கழற்றச் சொல்வதே தொழிலாகிப் போனவர்களின் கஷ்டம் டாக்டர்மாருக்கும் எனக்கும்தான் தெரியும். ஒஸ்லோவில் ஜப்பானிய முறை வெந்நீர்க் குளியலகம் ஒன்றில் எனக்கு வேலை. ஜப்பானில் அது மலையடி ஊற்று. எங்களுக்கு நிலவறைக் கொதிகலன். சட்டம் மட்டும் ஒன்றே: சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, நீச்சலுடைகூட இல்லாமல் இறங்க வேண்டும். ஆண்களும் பெண்களும் தனித்தனி. வாடிக்கையாளருக்கு விதி சொல்லிப் பிழைக்கிற எல்லோருக்கும் என் பாடு விளங்கும்.

அழுக்குப் போன பிறகு

கணினி வேலைக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி, விதியைக் கேட்டுவிட்டு, "சுத்தமா குளிச்சிட்டுத்தான் இறங்கணும்னா, அப்புறம் தொட்டி எதுக்குங்க?" என்றார். "இறங்கிப் பாருங்கோ" என்றேன். வெளியே வந்தபோது முகம் தக்காளிப்பழம் மாதிரி இருந்தது.

"அங்க குளிச்சதுல அழுக்கு போச்சு, இங்க ஊறினதுல மண்டைக்குள்ள உட்கார்ந்திருந்த ஆபீஸ் மேனேஜரே போயிட்டாருங்க."

மேல்மாடியும் கீழ்மாடியும்

வெள்ளிக்கிழமைகளில் இரண்டு நோர்வேப் பெண்கள் வருவார்கள். தொட்டியின் அந்தக் கரையில் ஒருவர், இந்தக் கரையில் ஒருவர், பேச்சே இல்லை. ஒருநாள் பனி கொட்டும்போது ஒருவர் வாசல் படியில் சறுக்க, மற்றவர் பாய்ந்து பிடித்தார். அப்படித் தொடங்கிய கதையில்தான் தெரிந்தது, இருவரும் ஒரே கட்டடத்தில் மேல்மாடி, கீழ்மாடி. சிரித்த சிரிப்பில் நானே போய் அடக்கவேண்டியதாயிற்று. "இனி வீட்டிலே கோப்பி குடிக்கலாமே?" என்று கேட்டேன்.

"வீட்டிலா? அது கொஞ்சம் அதிக நெருக்கம். இங்கே அம்மணமாகச் சந்தித்தால் போதும்."

மகேஸ் அக்காவின் கை

மகேஸ் அக்கா வடக்கே பாட்ஸ்பியோர்டில் பல வருஷம் மீன் வெட்டியவர். அந்தக் குளிரில் விறைத்துப்போன விரல்கள் சரியாக மடங்காது. பிறந்தநாள் பரிசாகப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமிலிருந்து மகள் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்காவோ உடுப்பு மாற்றும் அறையில் கோட்டின் கடைசிப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, "எனக்கு உது சரிவராது, வீட்டை போவம்" என்று இருந்துவிட்டார். மகளின் கண் கலங்கிவிட்டது.

சின்னத் தொட்டி அறை அப்போது சும்மா இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்து, தொட்டிவரைக்கும் போர்த்திக்கொள்ளப் பெரிய துவாய் ஒன்றைக் கொடுத்து, "ஒருத்தரும் வரமாட்டினம் அக்கா, கதவடியிலை நான் நிக்கிறன்" என்றேன். தாயும் மகளும் உள்ளே போனார்கள். கனநேரம் ஒரு சத்தமுமில்லை. மயங்கிவிட்டாரோ என்று பயந்து கதவைத் தட்டினேன். மகள் திறந்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் அக்கா ஒரு கையைத் தூக்கிப் பொத்திப் பொத்தி விரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, கை மடங்குது! சரி சரி, கதவைச் சாத்து, குளிர் வருது."

இத்தனை பேரையும் வெந்நீரில் ஊறவிட்டு வீட்டுக்குப் போனால், என் பிள்ளைகள் குளித்து முடித்த பிறகு எனக்கு மிஞ்சுவது பச்சைத்தண்ணீர்தான்.