வாத்துத் துண்டு

ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் நடந்தது என் கல்யாணம். தரகர் வந்து, "ஓட்டல்காரர் வீட்டுப் பையன்" என்றார். அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது, எதற்கும் கேட்டு வைப்போம் என்று, "ஓட்டல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று விசாரித்திருக்கிறார். என் மாமனார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "நேரா போனா பெரிய ரோடு வரும். யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. பஸ் ஸ்டாப்புக்கே அதுதான் பேரு" என்றாராம். ஊருக்கே அடையாளமான ஓட்டல் அது. வழி சொல்கிறவர்கள் எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அவ்வளவு பெரிய இடத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு சின்ன வீட்டில் இருக்கிறார்களே, என்ன அடக்கம் என்று அப்பா வீட்டுக்கு வந்து மெச்சித் தீர்த்தார்.

கல்யாணம் முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். அந்த ஓட்டலுக்கும் அவருக்கும் உள்ள ஒரே சம்பந்தம், அவர் அங்கே பிறந்தார் என்பதுதான். அதனால் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஓட்டல்'. மகன் ஓட்டல் என்றால் அப்பா ஓட்டல்காரர்தானே? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். எங்கள் கல்யாணத்தில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஆனால் அந்த ஏமாற்றத்தில் எனக்குக் கிடைத்தது என் அத்தை. மாமியார் என்று சொன்னால் சண்டைக்காரி மாதிரி இருக்கிறது, அதனால் அத்தை என்றே சொல்கிறேன்.

அத்தை சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவர். நிறைமாதத்தில் ஒருநாள், ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்காகத் தனியாக பஸ்ஸில் போயிருக்கிறார். வழியிலேயே வலி எடுத்துவிட்டது. கண்டக்டர் போட்ட சத்தத்தில் டிரைவர் நிறுத்திய இடம் பெரிய ஓட்டல் வாசல். வெள்ளைக் கையுறை போட்ட வாசல்காரர் ஓடிவந்து, ராஜாக்களுக்குத் திறக்கிற மாதிரி இரண்டு கதவையும் திறந்துவிட்டாராம். விருந்தாளிகளின் பெட்டிகளை வைக்கும் அறையில், சூட்கேஸ்களுக்கு நடுவில், என் வீட்டுக்காரர் பிறந்தார். மாடியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண் ஒருத்திதான் கூட இருந்து பார்த்தாள். குழந்தை அழவில்லை. அவள் தட்டினாள், தேய்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் குழந்தையை ஒரு புதுத் துண்டில் சுற்றி அத்தை கையில் கொடுத்து அனுப்பினாள்.

"முதல் திருப்பத்துல வண்டி திரும்புச்சு, கத்த ஆரம்பிச்சான். இன்னும் நிறுத்தலை" என்று அத்தை கதையை முடிப்பார். அது உண்மை. என் வீட்டுக்காரர் தூக்கத்தில்கூடப் பேசுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தத் துண்டு அத்தையிடமே தங்கிவிட்டது. ஓரத்தில் ஓட்டலின் முத்திரை நூலில் பின்னப்பட்டிருக்கும்: கிரீடம் வைத்த அன்னப்பறவை. என் பிள்ளைகள் கண்ணுக்கு அது வாத்து. வாத்துத் துண்டு என்றே வீட்டில் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை அத்தை அதைத் துவைத்து, வாத்து வெளியே தெரியாதபடி மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு உலர்த்துவார். பிறகு மடித்துப் பெட்டியின் அடியில் வைப்பார். நாங்கள் யாரும் முகம் துடைத்துவிட முடியாது.

"அடுத்தவங்க பொருள்மா. அவசரத்துல வந்துடுச்சு, சரி. திருப்பிக் குடுக்காம வச்சிருக்கேனே, அதுக்கு என்ன பேரு?" என்பார்.

உடைந்த சோப்பை எல்லோரும் மடியில் கட்டிக்கொண்டு போகும் கம்பெனியில், ஒரு துண்டு சோப்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷி அவர். பல தடவை துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பெரிய ஓட்டல் ஸ்டாப்பில் இறங்கியிருக்கிறார். வாசலில் காவலாளி பைகளைத் திறந்து பார்ப்பதைக் கண்டதும் அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுவார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவர் மடியில் அன்னப்பறவையே இருந்தது.

போன மாதம் பேப்பரில் செய்தி வந்தது. ஓட்டலை மூடி, உள்ளே எல்லாவற்றையும் இடித்துக் கட்டப் போகிறார்களாம். பழைய ஆட்கள் எல்லோரையும் அனுப்புகிறார்களாம். அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை.

"மூடிட்டா அந்தப் பொண்ணை எங்க போய்த் தேடுவேன்? அவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லலை. துண்டையும் குடுக்கலை. இப்படியே போய்ச் சேர்ந்துடுவேன் போல" என்று கண் கலங்கினார்.

மறுநாள் காலையில் அத்தை, என் வீட்டுக்காரர், நான் மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். துண்டு இஸ்திரி போட்டு, புதுப் பையில் இருந்தது. ஸ்டாப்பில் இறங்கியதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காவலாளி பையைத் திறந்தார். துண்டைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் உள்ளேயிருந்து வெளிய கொண்டு போவாங்க" என்றார். "நீங்க என்னம்மா, வெளியேயிருந்து உள்ள கொண்டு போறீங்க?"

நான் என் வீட்டுக்காரரைக் காட்டினேன். "இவர் உள்ளதான் பிறந்தார். இது இவருக்குச் சுத்தின துணி. திருப்பிக் குடுக்க வந்திருக்கோம்" என்று நான் சொன்னேன். காவலாளி என் வீட்டுக்காரரின் தொப்பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருக்கா?" என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனோம். கண்ணாடி மாதிரித் தரையில் என் செருப்பு எனக்கே தெரிந்தது. மேலே தொங்கிய விளக்கு எங்கள் சமையலறையைவிடப் பெரிது. நடுவில் ஒரு நீரூற்று. வரவேற்பு மேசையில் இருந்த பெண் முகம் சுளிக்காமல் முழுக் கதையையும் கேட்டாள். "அவ்வளவு பழைய ஆளுன்னா எங்க ஹவுஸ்கீப்பிங் மேடம் ஒருத்தங்கதான் இருக்காங்க. கூப்பிடறேன், உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள்.

சோபா எங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அத்தை மட்டும் நுனியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர், "அந்த ஃபவுண்டன் மோட்டார்ல பேரிங் போயிடுச்சு, சத்தம் கேக்குதா?" என்று ஆரம்பித்தார். "பிறந்த வீட்டுல குறை சொல்லாதீங்க" என்று அடக்கினேன்.

கறுப்புக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் வேகமாக நடந்து வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, தலை முழுக்க நரை. அத்தை எழுந்து, துண்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"திருடலைம்மா. அவசரத்துல கூட வந்துடுச்சு..."

அந்த அம்மாள் துண்டை வாங்கவில்லை. முத்திரையைப் பார்த்தார். விரலால் தொட்டார். விருந்தாளிகள் முன்னால் ஊழியர்கள் உட்காரக் கூடாதாம், பிறகு தெரிந்தது. அவர் சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா," என்றார். "அது அழுதுச்சா?"

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை.

"குழந்தை. வண்டி போயிடுச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு யாருக்கும் தெரியலை. வாசல்காரரையும் கேட்டேன். அழவே இல்லையே அக்கா, என் கையில சும்மா கிடந்துச்சே. பிழைச்சிருந்தா யாராவது ஒருநாள் வந்து சொல்லுவாங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். யாரும் வரலை. சரி, நம்ம கையிலேயே போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அத்தை அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ, துண்டைக் கேப்பீங்கன்னு பயந்து வராம இருந்துட்டேன்மா" என்றார். "இந்த ஒரு துண்டுக்காக உன்னை இத்தனை காலம் தவிக்க விட்டுட்டேனே."

"துண்டா? கிழிஞ்சு போச்சுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன் அக்கா. யாரும் அதைத் தேடவே இல்லை."

யாரும் தேடாத துண்டுக்காகவா வருஷா வருஷம் போர்வை போட்டு மூடினோம் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த அம்மாள் தட்டாமல் தேய்க்காமல் இருந்திருந்தால் எனக்குக் குடும்பம் ஏது, பிள்ளைகள் ஏது? நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது.

அவர் நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நரைத்த மீசை, தொப்பை, கிரீஸ் போகாத நகம் எல்லாவற்றையும் பார்த்தார்.

"இவரா?"

"இவனேதான்" என்றார் அத்தை. "வாயை மூடவே மாட்டான்."

"எங்க, ஏதாவது பேசுப்பா. கேக்கறேன்."

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மோட்டார், பேரிங், ஊர்க் கதை, ஒன்றும் வரவில்லை. உதடு கோணிக்கொண்டது. அந்தப் பளபளப்பான கூடத்தில், வெளிநாட்டு விருந்தாளிகள் திரும்பிப் பார்க்க, குழந்தை மாதிரி சத்தம் போட்டு அழுதார்.

அத்தை தடுக்கவில்லை. அந்த அம்மாளின் கையைத் தட்டி, "கேட்டுச்சாம்மா? அழுதுட்டான்" என்றார்.

அந்த அம்மாள் தலையாட்டினார். பிறகு அத்தை மடியிலிருந்த வாத்துத் துண்டை எடுத்து உதறி, என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துவிட்டார்.